பிரித்துத் தைத்த கோட்டு

முத்துலிங்கம் கத்தரிக்கோலை எடுத்ததும் நாகலெட்சுமி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வெட்டக் கூடாது."

சவப்பெட்டி விற்கிற லிந்துலை டவுன் மலர்ச்சாலையில் இருபது வருடமாக இறந்தவர்களுக்கு உடுப்பு மாட்டுகிறவன் அவன். அழுகிற மனைவிகளைப் பார்த்திருக்கிறான், மயங்கி விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறான். கையைப் பிடிக்கிற மனைவியை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"அக்கா, நான் சொல்றத கேளுங்க. அண்ணன் ஒடம்பு பாதியாப் போயிருச்சு. கோட்டு பழைய ஒடம்புக்கு எடுத்தது. கையும் வெறச்சுப் போச்சு, மடக்க முடியாது. முதுகுல ஒரே வெட்டா வெட்டி, ரெண்டு பக்கத்தையும் அடியில சொருகிட்டா முன்னால பார்க்க ஜம்முனு இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் செய்றோம்."

"எல்லாருக்கும் செஞ்சுக்கங்க. இவருக்கு வேணாம்."

பொன்னையா கட்டிலில் கிடந்தார், இந்த வழக்குக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவர் மாதிரி. வெள்ளைச் சட்டையை நேற்று உயிர் போன கையோடு நாகலெட்சுமியே மாட்டிவிட்டாள். கோட்டு ஞாபகம் வந்ததே இன்று விடிந்த பிறகுதான். மகள் சர்மிளாவின் கல்யாணத்துக்கு அட்டனில் எடுத்த கறுநீலக் கோட்டு. அது இல்லாமல் பொன்னையா எந்த விசேஷ வீட்டுக்கும் போனதில்லை. ஊரே கூடியிருக்கிற இன்றைக்கு மட்டும் வெறும் சட்டையோடு அனுப்ப முடியுமா?

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே நெஞ்சும் தோளும் அகன்ற மனிதர் அவர். போன வருடம் வந்த நோய் மாதத்துக்கு ஒரு அங்குலமாக அவரை உரித்துக்கொண்டே வந்தது. தொளதொளவென்று உடுத்துவது அவருக்குப் பிடிக்காது. சட்டையைத் தூக்கி மனைவி மடியில் போட்டுவிடுவார்.

"பிடிச்சுத் தை லெச்சுமி. ஆனா வெட்டிறாத. ஒடம்பு திரும்பி வந்தா பிரிச்சுக்கலாம்."

அவளும் அப்படியே செய்தாள். அவரைச் சட்டையோடு நிற்க வைத்து, லூசான இடத்தை விரலால் கிள்ளி ஊக்கு குத்தி, கழற்றித் திருப்பி, சவுக்காரத் துண்டால் கோடு போட்டு, நீள நீளமாக நூலோட்டுவாள். கடைசியில் முடிச்சுப் போடமாட்டாள். ஒரு சாண் நூலைத் தொங்கவிடுவாள். சுண்டி இழுத்தால் முழுத்தையலும் வந்துவிடும். மூன்று தடவை பிடித்தாள். மூன்று தடவையும் பொன்னையா அந்த நூலைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ஒரு காற்சட்டை வந்தது. கட்டைவிரல் வீங்கி ஊசி பிடிக்க முடியாத வாரம் அது. டவுன் டைலரிடம் கொடுத்துவிட்டாள். அந்த மனிதன் தொழில் சுத்தம் பார்த்து, பிடித்ததுபோக மிச்சத் துணியை நறுக்கி எறிந்துவிட்டான். ஐயோ, வெட்டக் கூடாது என்று அவனிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையே! பொன்னையா காற்சட்டையைத் திருப்பி உள்தையலைப் பார்த்தார்.

"தேயிலைய வெட்டுனா துளிர்க்கும். துணி துளிர்க்குமா?" என்றார். காற்சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அப்ப நீயும் முடிவு பண்ணிட்ட" என்றார்.

அன்றைக்கு இராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்த உடுப்பையும் அவள் மடியில் போடவும் இல்லை. டைலரைக் குறை சொல்லி என்ன? கொண்டுபோய்க் கொடுத்தது அவள் கைதானே. அது நடந்து ஐந்து வாரம். நான் முடிவு பண்ணவில்லை என்று சொல்ல வாயெடுத்து, வாயெடுத்து, நேற்றோடு அதற்கும் நேரம் போய்விட்டது.

வெளியே தப்பு மேளம் ஒலித்தது. மூன்று மணிக்குத் தூக்கவேண்டும், இப்போதே மணி ஒன்றரை.

"அப்ப எப்படித்தான் மாட்டுறது?" என்றான் முத்துலிங்கம். அவன் கேட்டதும் நியாயம்தான்.

நாகலெட்சுமி கோட்டைக் கையில் வாங்கி முதுகுப்பக்கம் திருப்பினாள். நட்ட நடுவில், காலரிலிருந்து அடிவரைக்கும் ஒரு தையல் ஓடியது. உள்ளே லைனிங்கிலும் அதே இடத்தில் தையல்.

"இங்க ஏற்கெனவே ரெண்டு துணிதான். பிரிச்சாப் போச்சு. காலர் வரைக்கும் பிரிச்சு, முன்பக்கமா ரெண்டு கையையும் மாட்டி, காலரைத் தலைவழியா எறக்கிருவோம். அப்புறம் அவரை ஒருக்களிச்சுப் பிடிச்சுக்கங்க. முதுகுல வச்சே நான் தச்சிர்றேன்."

முத்துலிங்கம் கோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கத்தரிக்கோலைப் பையில் போட்டான்.

பிளேடு நுனியால் அவள் தையலைத் தெறித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து லயன் காம்பராவில் குடியிருக்கிற பேச்சியம்மா உள்ளே வந்தாள்.

"அடி லெச்சுமி, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? சாவு வீட்டுல ஊசி எடுக்கக் கூடாதுடி!"

"நான் ஊசி எடுக்கலேன்னா இவரு கத்தரி எடுப்பாரு. எது பரவாயில்ல, நீங்களே சொல்லுங்கக்கா."

பேச்சியம்மா கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தாள். நாகலெட்சுமி நூலை எச்சில் தொட்டு ஊசிக்காதில் நுழைக்கப் பார்த்தாள். முதல் தடவை தவறியது, இரண்டாம் தடவையும் தவறியது.

"குடு இங்க. உனக்குக் கண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியல" என்று பேச்சியம்மா பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோத்துக் கொடுத்தாள்.

கோட்டு சொன்னபடியே ஏறியது. முத்துலிங்கமும், மூலையில் நின்றிருந்த சர்மிளாவும் அவரை ஒருக்களித்துத் தாங்கினார்கள். நாகலெட்சுமி கட்டிலோரம் மண்டியிட்டு, மிஞ்சிய துணியை முதுகின் நடுவே கிள்ளிப் பிடித்தாள். பக்கத்துக்கு மூன்று விரல் அகலம் வந்தது. இவ்வளவா போய்விட்டார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலிருந்து கீழாக நூலோட்டினாள். சட்டையில் ஊசி கொளுவாமல் இடது உள்ளங்கையை அவர் முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். குளிர்ந்த முதுகு. தையல் ஒன்றுகூடக் கோணவில்லை.

திருப்பிப் படுக்கவைத்து பட்டனைப் போட்டார்கள். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். சர்மிளா, "அப்பா!" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடேயப்பா" என்றான் முத்துலிங்கம். "எங்க முதலாளிகிட்ட சொல்லணும் இத." பிறகு கோட்டின் அடியில் தொங்கிய நூலைப் பார்த்தான். "அக்கா, முடிச்சுப் போடலையே. இந்த நூலையாவது நறுக்கிரவா? உள்ள இருக்கிற துணியும் முதுகுல திரண்டு நிக்கும்."

"நிக்கட்டும். எதையும் நறுக்க வேணாம்."

நாகலெட்சுமி அந்த நூலை இடுப்போரமாக முன்னால் கொண்டுவந்தாள். எட்டியது. நுனியை அவருடைய வலது கை விரல்களுக்கு இடையில் வைத்து, காதருகே குனிந்தாள்.

"வெட்டலைங்க. இழுத்தாப் போதும்."

ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு எழுந்து, கதவைத் திறக்கச் சொன்னாள்.