பொதுச் சூடு

செல்லையா காம்பவுண்டில் இருப்பவர்களுக்கு உடம்புச் சூடு பொது. தண்ணீர்க் குழாய் எப்படிப் பொதுவோ அப்படி. ஒருவருக்கு ஏறினால் இன்னொருவருக்கு இறங்கும். இந்த வீட்டில் ஒருவருக்கு நூற்றொன்று என்றால், அந்த வரிசையில் வேறு யாரோ போர்வையைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எப்போது கூட்டிப் பங்கு போட்டாலும் தலைக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு சரியாக வந்துவிடும்.

அதற்கு முறையும் உண்டு. காய்ச்சல் வீட்டிலிருந்து குளிர்கிற வீட்டுக்குக் கம்பளி போகும். குளிர்கிற வீட்டிலிருந்து காய்ச்சல் வீட்டுக்குக் கஞ்சி வரும். இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டால், விளக்கு வைப்பதற்குள் இருவரும் எழுந்து உட்கார்ந்து விடுவார்கள்.

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் வீட்டு ஆவுடைத்தங்கம் தன் வீட்டுக்காரர் பலவேசத்தைக் காப்பி குடிக்க எழுப்பினாள். அவர் கை தண்ணீர் வைத்த மண்பானையைத் தொட்டது மாதிரி சில்லென்று இருந்தது. அவள் ஓடிப்போய் லில்லிபுஷ்பத்தைக் கூட்டி வந்தாள். லில்லிபுஷ்பம் ஆஸ்பத்திரி ஆயா. காம்பவுண்டுத் தெர்மாமீட்டர் அவள் பொறுப்பு. நீளமானது, எண்பதிலிருந்தே கோடு போட்டது.

"தொண்ணூத்தஞ்சு புள்ளி நாலுக்கா" என்றாள் லில்லிபுஷ்பம். "மூணு இறங்கியிருக்கு."

"அப்ப எவருக்கோ மூணு ஏறியிருக்கணும்லா? யாரும் கம்பளி கொண்டு வரலையே. முந்தாநாளே சொன்னேன், இவங்க முகம் சரியில்லன்னு. என் பேச்ச யாரு கேக்கா?"

கம்பளி வராததுதான் அவளை உலுக்கியது. சுக்குக் காப்பி கொடுத்தாள். வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்தாள். முற்றத்து வெயிலில் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தினாள். வெயில் அவர்மேல் பட்டது. பட்ட சூடு அவரிடம் தங்காமல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கட்டில் கால்கள் தரையில் கடகடவென்று ஆடின.

"கல்யாணத்தன்னைக்கு உன் கையப் பிடிச்சப்பகூட இப்படி நடுங்கல தங்கம்" என்றார் பலவேசம்.

"அன்னைக்கு நடுங்குனது நானு. பேசாமப் படுங்க."

அவளும் லில்லிபுஷ்பமும் வீடு வீடாகப் போனார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. கைக்குழந்தையைப் பார்த்தார்கள், குளித்துக்கொண்டிருந்தவரைக் கதவிடுக்கில் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கோடு ஒரே இடத்தில்தான் நின்றது. ஒன்பது வீட்டையும் முடித்துத் திரும்பியபோது பலவேசத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. யார் மேலும் ஏறாமல் ஆறு புள்ளி நாலு சூடு காம்பவுண்டுக்குள் எங்கேயோ இருந்தது.

கொடியில் துணி எடுக்கப் போன ஏழாம் வீட்டுப் பெண்தான் சொன்னாள், கடைசி வீட்டுச் சுவரில் விரித்துப் போட்ட ஈரப் பாவாடை அரை நிமிஷத்தில் காய்ந்துவிட்டது என்று.

அது பத்தாம் வீடு. சவரிமுத்து குடும்பம் காலி செய்து போய் இரண்டு மாதம் ஆகிறது. பூட்டுத் தொங்கியது, சாவி வீட்டுச் சொந்தக்காரரிடம், சங்கரன்கோவிலில். ஆவுடைத்தங்கம் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சலில் பிள்ளைகளின் நெற்றி கொதிக்குமே, அதே கொதிப்பு. கதவுக்கு அடியிலிருந்து வந்த காற்று சீரில்லாமல் வந்தது. வந்தது, நின்றது, அவசரமாகத் திரும்ப வந்தது. லில்லிபுஷ்பம் நிலைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த வெடிப்பில் தெர்மாமீட்டரைச் செருகி இரண்டு நிமிஷம் பொறுத்து எடுத்தாள்.

"நூத்தி நாலு புள்ளி எட்டு. கணக்குச் சரியாப் போச்சு."

எட்டாம் வீட்டு மந்திரமூர்த்தி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஆளில்லாத வீட்ட யாரு சேத்தது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். காம்பவுண்டுக்குக் குடிவந்தவுடனே யாரும் பொதுச் சூட்டில் சேர்ந்துவிட முடியாது. பழைய ஆட்களில் ஒருவர் அவர்கள் வாசலில் நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்க வேண்டும். அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அப்படி மூன்று நாள் நடந்தால் சேர்ந்தார்கள். அதனாலேயே அங்கே யாரும் போகிற போக்கில் அந்த வார்த்தையைக் கேட்பதில்லை. தபால்காரரிடம்கூட வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஆவுடைத்தங்கம் சுவரிலிருந்து கையை எடுத்தாள். கட்டிலுக்கு வந்தாள்.

"ஏங்க, வேலைவிட்டு வரும்போது சவரிமுத்து வாசல்ல நிப்பீங்களே. அவங்க போன பிறகும் நின்னீங்களா?"

பலவேசம் தாடையை இறுக்கிக்கொண்டு சொன்னார். "பதினாறு வருசப் பழக்கம். கால் அங்க நின்னுரும். வாயும் கேட்டுரும்."

"பதில் வந்துச்சா?"

"ரெண்டு மாசமா வரல. போன வாரந்தான் மூணு நாளும் வந்துச்சு."

"என்ன சொல்லிச்சு?"

"இன்னும் இல்லன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஆவுடைத்தங்கம் தலையில் அடித்துக்கொண்டாள். "பசிக்குன்னு சொன்ன வீட்ட அப்படியே விட்டுட்டு வந்து, இங்க உக்காந்து நாலு தோசை தின்னுருக்கீங்களே!"

மந்திரமூர்த்தி அதற்குள் குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துவிட்டார். காம்பவுண்டை விட்டுப் போகிறவர்களுக்கு வெளிக்கேட்டில் வைத்துக் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். அத்தோடு பொதுச் சூடு விட்டது. ஆனால் ஊற்றுகிற நேரத்தில் உடம்பு என்ன சூட்டில் இருக்கிறதோ, அதே சூடுதான் அவர்களுக்கு ஆயுசுக்கும். ஐந்தாம் வீட்டு மருமகன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நூற்றொன்றில் கிளம்பிப் போனார். அவர் மடியில் எந்தப் பிள்ளையும் ஐந்து நிமிஷத்துக்குமேல் உட்காராது.

"மைனி, கோவிச்சுக்கிடாதீங்க" என்றார் மந்திரமூர்த்தி. "அண்ணாச்சிக்கு ஒண்ணுன்னா அடுத்து வேற எவன்கிட்டயாவது இழுக்க ஆரம்பிக்கும். வீட்டத் தூக்கி கேட்டுக்கு வெளிய வைக்க முடியாது. அண்ணாச்சியத்தான் வைக்கலாம்."

"தொண்ணூத்திரண்டுலயா? அந்த உடம்போட எப்படி மந்திரம் வாழ்வாங்க? உங்க வீட்டுல ஐஸ் வைக்கப் பெட்டி வேணும்னா கடையில வாங்குங்க, எங்க வீட்டு மனுசன ஆக்காதீங்க."

"எனக்கும் ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு மைனி."

ஆவுடைத்தங்கம் அவர் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கிக் கஞ்சிக்கு உலை வைத்தாள்.

புழுங்கல் அரிசி நொய், கொஞ்சம் சீரகம், இரண்டு பல் பூண்டு, உப்பு. தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். பத்தாம் வீட்டு ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. அந்த வழியாகக் கையை விட்டு உள்பக்கத் திண்டில் வாளியை வைத்தாள். உள்ளே நல்ல இருட்டு. கை வியர்த்துவிட்டது.

எதுவும் நடக்கவில்லை.

முற்றத்திலிருந்து கட்டில் ஆடுகிற சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். பலவேசம் மல்லாந்து, நிம்மதியாகப் படுத்திருந்தார்.

"இப்பக் குளிரவே இல்ல தங்கம்" என்றார். சிரித்த முகமாக இருந்தார். நகமெல்லாம் நாவல்பழ நிறம்.

"தொண்ணூறு" என்றாள் லில்லிபுஷ்பம். "நடுக்கம் இருந்தவரைக்கும் உடம்பு சண்டை போட்டுச்சுக்கா. இப்ப விட்டுருச்சு."

மந்திரமூர்த்தி இன்னொரு குடம் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார். ஆவுடைத்தங்கம் வீட்டுக்குள் போய் இருந்த ஏழு புடவையையும் அள்ளி வந்தாள். கல்யாணப் பட்டையும் விடவில்லை. அவர் கையிலிருந்த குடத்திலேயே அவற்றை முக்கினாள்.

"தூக்குங்க மந்திரம். அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் குடத்தை இறக்கி வைத்தார். பிறகு பிடித்தார். இருவருமாகப் பத்தாம் வீட்டின் நெற்றியில், ஓட்டுக்கும் வாசல் நிலைக்கும் நடுவில், ஈரப் புடவையை மடித்துப் போட்டார்கள். ஆவி எழும்பியது. காய்ந்ததை எடுத்து அடுத்ததைப் போட்டார்கள். நான்காவது புடவை போட்டபோது ஆவுடைத்தங்கம் ஜன்னலில் வாயை வைத்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"இந்தா, கேட்டுக்கோ. பசிச்சவங்களக் கேட்டுட்டுச் சோறு போடாமப் போனது எங்க தப்புதான். அதுக்காக வீம்பு பிடிச்சா எப்படி? வாய் கசக்கும், தெரியும். கண்ண மூடிக்கிட்டு ஒரு வாய். ஒரே ஒரு வாய் குடிச்சிரு ராசா."

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வாளியின் மூடி நகர்ந்தது. கஞ்சி இன்னும் ஆறவில்லை. ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் கேட்டது. பாதியில் புரையேறி இருமியதில் ஓடுகள் ஒருமுறை எழும்பி அமர்ந்தன.

"மெதுவா, மெதுவா" என்றார் மந்திரமூர்த்தி, சுவரைத் தடவிக்கொடுத்தபடி.

முதலில் வாசல் நிலைக்கு மேலேதான் அரும்பியது. பிறகு சுவர் முழுக்கச் சுண்ணாம்பை நனைத்துக்கொண்டு முத்து முத்தாக வியர்த்து வழிந்தது. லில்லிபுஷ்பம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. வியர்வை வாசலில் ஓடைபோல் இறங்கிக் காம்பவுண்டுச் சாக்கடையில் சேர்ந்தது. பெண்கள் துடைப்பத்தால் தள்ளிவிட்டார்கள்.

முற்றத்தில் கட்டில் மறுபடி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. ஆவுடைத்தங்கம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்கு மணிக்குப் பலவேசத்துக்குத் தொண்ணூற்றாறு. ஐந்தரைக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நிலை வெடிப்பிலும் அதேதான். அவர் எழுந்து உட்கார்ந்து, கல்யாணப் பட்டு ஏன் இப்படிச் சுருங்கிக் கிடக்கிறது என்று கேட்டார்.

மறுநாள் காலையில் தூக்குவாளி பத்தாம் வீட்டு வாசற்படியில் இருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. வாளி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி மூடி வைக்கப்பட்டிருந்தது. கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் அந்தக் காம்பவுண்டில் எந்த வீட்டுக்கும் கிடையாது. ஆவுடைத்தங்கம் மூடியைத் திறந்தாள். உள்ளே, தேங்காய்க் கீற்று அளவுக்கு ஒரு பால்பல் இருந்தது.

"மேல்பல்லா, கீழ்ப்பல்லா?" என்று கேட்டார் பலவேசம்.

லில்லிபுஷ்பம் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "கீழ்ப்பல்லு."

கீழ்ப்பல் என்றால் கூரைமேல்தான் போட வேண்டும். மந்திரமூர்த்தி தெருவுக்குப் போய்ச் சாணி எடுத்து வந்தார். ஆவுடைத்தங்கம் பல்லை அதில் பொதிந்து உருட்டி, பத்தாம் வீட்டு ஓட்டின்மேல் எறிந்தாள். முதல் தடவை வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டாம் தடவை தங்கிவிட்டது.

"முளைக்கிற வரைக்கும் முறுக்கு கிறுக்குன்னு எதுவும் குடுத்துராதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு லில்லிபுஷ்பம் வேலைக்குக் கிளம்பினாள்.