வலக்காதில் ஓபல்

போன வருஷம் ஒரு கல் விழுந்தது. அதற்கு இரண்டு புள்ளி கழித்தார்கள். அந்த இரண்டு புள்ளியில் மாநிலப் போட்டியைத் தவறவிட்டோம்.

எங்கள் எஸ்கராமூசா குதிரை அணியில் எட்டுப் பெண்கள். ஒருபக்கச் சேணத்தில் உட்கார்ந்து எட்டுக் குதிரைகளையும் ஒன்றன் குறுக்கே ஒன்று பாயவிடுவோம். அதற்கு முன்னால் நடுவர் வரிசையாக வந்து உடையைப் பார்ப்பார். பாவாடை, பூட்ஸ், தொப்பி, தலை நாடா, தோடு எல்லாம் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருத்தியிடம் ஒன்று குறைந்தால் அணிக்கே குறையும். நடுவர் வந்தபோது ஹெர்லிந்தாவின் இடக்காதுத் தோட்டில் கல் உதிர்ந்து வெறும் கிண்ணம் இருந்தது. சந்தைக் கண்ணாடி, பசை போட்டு ஒட்டியது. தேர்ந்தெடுத்தது அணித்தலைவியான நான்.

"கேப்டனம்மா, இந்தத் தடவையும் கல்லு உதிர்ந்துச்சுன்னா கழுத்துல தொங்குற அந்த விசிலக் கழட்டி என்கிட்ட குடுத்துடு" என்றாள் ப்ரீஸ்கா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

எங்கள் நிறம் ஆரஞ்சு. அதை மாற்ற முடியாது. எங்கள் ஊர் மக்தலேனாவின் மலையில் எடுக்கும் ஓபல் கல் அந்த நிறம். துலுக்கச் சாமந்தியை வெயிலில் பிடித்த மாதிரி இருக்கும். அப்பா அதைத்தான் வெட்டுகிறார். சதுக்கத்தில் விற்பவர்கள் ஓபலைத் தண்ணீர் நிரப்பிய குப்பிகளில் வைத்திருப்பார்கள். தண்ணீருக்குள் கல்லின் வெடிப்பு தெரியாது. அப்பாவின் கடைப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே "உலர்ந்த கல் மட்டும்" என்று எழுதியிருக்கும். ஃபெர்மின் என்றால் ஊரில் தண்ணீர் வைக்காத ஃபெர்மின்.

"போன வருஷமே என்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றார் அப்பா.

"ஒரே நிறத்துல பதினாறு கல்லு வேணும்பா. துளி மாறக்கூடாது."

"இருக்கு."

"தொப்பி வார் கன்னத்து வழியா இறங்குது. பாயறப்ப ஒவ்வொரு அடிக்கும் தோட்டுல அடிக்கும். மைதானத்துல புழுதி வேற."

"நான் வெட்டுன கல்லு புழுதிக்குப் பயப்படுமா? என்னடி பேச்சு இது?"

மறுநாள் அவரிடம் சொல்லாமல் குவாதலஹாராவுக்குப் பேருந்து ஏறினேன். கல் கடைகள் இருக்கும் தெருவில் தோன்யா அம்பாரோ என்ற அம்மாளிடம் தொப்பி வாரைப் பற்றியும் புழுதியைப் பற்றியும் சொன்னேன். அவர் ஆரஞ்சு நிறத்தில் ஐந்து காகிதப் பொட்டலங்களைப் பிரித்தார்.

"இது டோபாஸ். கீறல் விழாது. ஆனா படக்கூடாத இடத்துல அடி பட்டா ரெண்டாப் பிளந்துடும். இது ஜிர்க்கான், மினுக்குறதுல ராணி. ஓரம் பிசிறும், ஒரே பொட்டலத்துல போட்டாலே ஒண்ணையொண்ணு கடிச்சுக்கும். இது கார்னீலியன். கெட்டியான கல்லு, விலையும் கம்மி. ஆனா வெளிச்சம் உள்ள போகாது, தூரத்துலேர்ந்து பாத்தா பொத்தான் மாதிரி இருக்கும்."

"சிட்ரின்?"

"பரவால்ல. ஆனா உங்க நாடா நிறத்துக்கு வராது, வெளுப்பு." கடைசிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "கோமேதகம். புழுதியால கீற முடியாது. வார் அடிச்சாலும் தாங்கும். ஊரு எது?"

"மக்தலேனா."

"அட கடவுளே! உங்கப்பனுக்குத் தெரியுமா நீ இங்க நிக்கிறது?"

ஒரே ஒரு கோமேதகம் மட்டும் வாங்கினேன். பிடித்திருந்தால் பதினாறாக எடுக்கிறேன் என்று சொன்னேன்.

அதை அப்பாவின் மேசையில் வைத்தபோது அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு காதில் இது, இன்னொரு காதில் உங்கள் கல், ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

"ஓட்டு. தினம் சாயங்காலம் ரெண்டையும் என்கிட்ட குடு. புழுதியைக் கழுவித் துடைச்சு வைக்கிறேன்."

வலக்காதில் ஓபல். இடக்காதில் கோமேதகம். காலையில் குதிரை ஏறுமுன் எட்டுப் பேரும் கூடி இரண்டையும் பார்த்தோம்.

"ரெண்டு காதுக்கும் ரெண்டு மாப்பிள்ளையா? எவனைக் கட்டிக்கப் போற?" என்றாள் ப்ரீஸ்கா.

"எவன் அடி தாங்குறானோ அவனை."

"அப்ப எங்க வீட்டுக்காரரைக் கேளு, நல்லாத் தாங்குவாரு" என்றாள் ஹெர்லிந்தா.

மூன்றாம் நாளும் ஓபல் தெளிவாக இருந்தது. நான்காம் நாளும். மேலே இரண்டு மெல்லிய கீறல், அவ்வளவுதான். நிறத்தில் கோமேதகத்தை அது தோற்கடித்தது. உள்ளூர்க் கல், உள்ளூர்ப் பெண்கள், பேசாமல் இதையே போடலாம் என்றாள் ஹெர்லிந்தா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பா சாப்பிடும்போது ஒன்றும் கேட்கவில்லை. பிர்ரியா குழம்புக் கிண்ணத்தில் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, "நம்ம கல்லு ஊர் பேரு சொல்லும்" என்றார்.

ஐந்தாம் நாள் காலை தோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கழுத்தில் ஒரு சொட்டு இறங்கியது. குளிர் காலை. இன்னும் குதிரையைத் தொடவே இல்லை, வியர்க்க ஒன்றுமில்லை. வலக்காதைத் தொட்டேன். தோட்டின் பின்பக்கம் ஈரம்.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

அன்று மாலை தோடுகளை அவரிடம் கொடுக்கவில்லை. லாயத்தில் என் குதிரை கனேலாவின் கடிவாளம் தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னேன். சரி என்றார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

காலையில் வெயில் ஆணிவரைக்கும் வந்திருந்தது. கோமேதகம் வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே இருந்தது. ஓபலுக்குள் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு.

இரண்டையும் அப்பாவின் மேசையில் வைத்தேன். உருப்பெருக்கியைக் கண்ணருகே கொண்டுபோனவர், பார்க்காமலே கீழே வைத்தார்.

"எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து. கழுத்துல ஒரு சொட்டு விழுந்துச்சு."

"தண்ணியிலேர்ந்து எடுத்துத் துடைச்சுட்டுத்தானே வச்சேன்."

"கல்லைத் துடைச்சீங்க. கிண்ணத்துக்குப் பின்னாடி துடைக்கல."

அவர் மேசையின் மேலிருந்த தூளை விரலால் கூட்டினார்.

"ரெண்டாம் நாளே வெடிச்சிருச்சு" என்றார். "பதினாறும் ஒரே பாறை. வேற வேற பாறைன்னா நிறம் சேராது. இந்தக் குளிர்காலத்துலதான் தோண்டுனது."

"ஒரு வருஷம் காயணும்னு ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்றீங்க?"

"ஒரே நிறம் வேணும்னு நீதானே சொன்ன?"

அம்மா எட்டிப் பார்த்தார். "அப்பனும் மகளும் சண்டையை முடிச்சுட்டு வாங்க. தொர்த்தியா ஆறிப்போச்சு."

இருவரும் எழவில்லை.

"அணியில சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல. கோமேதகம்னு மட்டும் சொல்லப் போறேன்."

"காரணம் கேப்பாளுங்களே."

"வார் அடிக்குதுன்னு சொல்லுவேன். அதுவும் நெசம்தானே."

மீதிப் பதினைந்து கற்களை வாங்கி வந்தபோது மேசையைத் துடைத்து வைத்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு வெட்டுனது இதை? கோடாரியாலயா?"

ஆனால் பதித்தார். கல்லைப் பிடிக்கும் கொக்கிக்கால் வைத்தால் வாரில் மாட்டும் என்று நாலாபக்கமும் வெள்ளி விளிம்பை மடித்துக் கல்லை இறுக்கினார். இரண்டு கல்லின் அடிப்பக்கத்தை அவராகவே திருத்தி வெட்டினார். அந்த ஓபல் தோடு மேசை ஓரத்திலேயே கிடந்தது. அதை அவர் தண்ணீரில் போடவில்லை. எடுத்து உள்ளேயும் வைக்கவில்லை.

போட்டி நாளில் நடுவர் என் முன்னால் வந்து நின்றார். குனியச் சொன்னார். தோட்டை விரலால் அசைத்துப் பார்த்தார்.

"மக்தலேனாக்காரிங்க ஓபல் போடலையா?"

"இல்லம்மா. கோமேதகம்."

அடுத்தவளிடம் போனார். எட்டுப் பேரையும் பார்த்து முடித்தார். காதுக்காக ஒரு புள்ளியும் குறையவில்லை. குறுக்குப் பாய்ச்சலில் ப்ரீஸ்காவின் தலை நாடா அவிழ்ந்து புழுதியில் விழுந்தது. அதற்கு இரண்டு.

மூன்றாம் இடத்தில் வந்தோம். மாநிலப் போட்டிக்கு மூன்று அணிகளை எடுத்தார்கள்.

"ஒரு வார்த்தை பேசாத" என்றாள் ப்ரீஸ்கா.

விசிலை அவள் முகத்துக்கு நேரே ஒருமுறை ஆட்டிக் காட்டினேன்.

கனேலாவை வேலியோரமாக நடத்தி வந்தேன். அப்பா அங்கே நின்றிருந்தார். பக்கத்தில் சதுக்கத்தில் குப்பி வைத்து விற்கும் தோன் நாஸாரியோவும் இன்னும் இரண்டு பேரும்.

"என்ன ஃபெர்மின், பொண்ணு காதுல யாரு கல்லு அது? ஒன்னோடது மாதிரி தெரியலையே" என்றார் நாஸாரியோ.

"கல்லு ஆப்பிரிக்காவாம். பதிச்சது நான்."

"அப்ப ஒன் கல்லு என்னாச்சு?"

கனேலாவை நிறுத்தினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"வெடிச்சிருச்சு" என்றார். "தண்ணியில போட்டும் பாத்தேன்."

நாஸாரியோ சிரித்தார். அவரோடு வந்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்க வெகு நேரமானது. அப்பா வேலியைப் பிடித்தபடி அது முடியும்வரை நின்றார். பிறகு கையை நீட்டி என் காதில் ஒட்டியிருந்த புழுதியைத் துடைத்தார். தோட்டின் பின்பக்கமும் துடைத்தார்.