மான்கள் கடக்கும்வரை

பணிமனையில் அவளை எல்லாரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நின்றுகொண்டு வரும் பயணியின் கையிலிருக்கிற தண்ணீர்கூடச் சிந்தாமல் பஸ்ஸை நிறுத்துவாள் என்பதால் வந்த பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வழித்தடம்: ரயில் நிலையத்திலிருந்து பெரியாஸ்பத்திரி, பெரியாஸ்பத்திரியிலிருந்து ரயில் நிலையம். மகளுக்கு நாட்டின் மறுகோடியில், துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் பிரேக்கக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். காரிலேயே போய் அவளைப் பார்ப்பது. ஐந்து நாள் பயணம், முழுக்கத் தானே ஓட்டுவது. கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்னால் பஸ் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். முழங்கைவரை மாவுக்கட்டு.

ஸ்டியரிங் கணவர் கைக்குப் போனது. அவர் தையல்காரர். ஐம்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தவர். ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடு வண்டி ஓட்டுவார். வேகமும் ஏறக்குறைய அதேதான்.

“என்னங்க, சைக்கிள்காரர் நம்மள முந்திட்டுப் போறார்.”

“போகட்டும். அவருக்கு என்ன அவசரமோ.”

“நாலாவது கியர்னு ஒண்ணு இருக்கு. தெரியும்ல?”

“தெரியும். பத்திரமா வச்சிருக்கேன்.”

முதல் நாள் பாதிவரை அவள் வலது கால், அங்கே பிரேக் இருப்பதுபோலத் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. மத்தியானத்துக்கு மேல் அலுத்துப்போய்ப் பக்கத்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கண்கூசும் வெள்ளையாக ஓர் உப்பு ஏரி. நடுவில் யாரோ இழுத்துவிட்டதுபோல இளஞ்சிவப்பில் ஒரு கோடு. அந்தக் கோடு நெளிந்தது, மேலே கிளம்பியது, ஆயிரம் பறவைகளாகப் பிரிந்து வானத்தில் ஒருமுறை புரண்டு திரும்பவும் கோடாக இறங்கியது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க.”

“நான் ஓட்டறதே நிக்கற மாதிரிதான் இருக்குன்னு சொன்னியே.”

அவள் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் முன்னால் போகிற வண்டியின் முதுகு, கண்ணாடியில் தெரிகிற தன் பஸ்ஸின் வால், நிறுத்தத்தில் நிற்கிற கூட்டம். பக்கவாட்டில் உலகம் இருப்பது அவளுக்குத் தெரியாமலில்லை. பார்க்க நேரம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மலைப்பாதை. ஒரு வளைவில் கீழே பள்ளத்தாக்கு வாய்பிளந்து கிடந்தது. அதில் ஒரு பருந்து மிதந்துகொண்டிருந்தது, அவர்களுக்கும் கீழே. பருந்தின் முதுகு எந்த நிறம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதன்பிறகு “கொஞ்சம் அழுத்தி மிதிங்க” என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மேட்டுநிலத்தில் ஏறினார்கள். எட்டுத் திசையும் புல். ஒரு புல்மேட்டைச் சுற்றி இறங்கும் வளைவைத் தாண்டியதும் தையல்காரர் தானாகவே பிரேக் போட்டார். சாலையைக் காணோம். அது இருந்த இடத்தில் மான்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மந்தை என்று சொன்னால் போதாது. இடப்பக்கம் அடிவானத்திலிருந்து வலப்பக்கம் அடிவானம்வரை பழுப்பு முதுகுகளாகவே ஓர் ஆறு. அவள் இடதுகை பழக்கத்தில் ஹாரனுக்குப் போனது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது அவங்க ரோடு” என்றார் மெதுவாக. எஞ்சினை அணைத்தார்.

அணைத்ததும்தான் சத்தம் கேட்டது. தாரில் ஆயிரக்கணக்கான குளம்புகள் தட்டும் சத்தம், கனமழை தகரத்தில் விழுவதுபோல. காரே லேசாக அதிர்ந்தது. தூசியும் மிதிபட்ட புல்லின் வாசனையும் உள்ளே வந்தன.

“நாப்பது வருஷமா துணி வெட்டறேன்” என்றார் அவர். “இந்த நிறத்துல ஒரு துண்டு பாத்ததில்ல.”

அப்போது ஒரு பெண்மான் கூட்டத்திலிருந்து விலகிச் சாலையோரம் வந்தது. வயிறு கனத்திருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு, காருக்கு முப்பதடி முன்னால், பாதி உடம்பு தாரிலும் பாதி மண்ணிலுமாகப் படுத்துவிட்டது. வாலுக்குக் கீழே இரண்டு சின்னக் குளம்புகள் வெளியே தெரிந்தன.

“ஐயோ, இதுக்கு நேரமாயிடுச்சுங்க!”

பின்னால் தூரத்தில் ஒரு லாரியின் உறுமல் கேட்டது. பிரேக்கக்கா காதைத் தீட்டினாள். பாரம் ஏற்றிய வண்டி, இறக்கத்தில் வருகிறது. வளைவு தாண்டினால்தான் அவனுக்கு இவர்களே தெரியும். அதற்கப்புறம் பிரேக் போட்டுப் பிரயோஜனமில்லை. இவர்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு மான்மேல்தான் நிற்பான். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை அவளுக்கு. ஓசைப்படாமல் கதவைத் திறந்து, குனிந்தபடி பின்பக்கமாக நடந்து, அப்புறம் ஓடினாள். வளைவைத் தாண்டிச் சாலை நடுவில் நின்று மாவுக்கட்டுக் கையைத் தலைக்குமேல் தூக்கினாள்.

லாரி தடதடத்து, முனகி, அவளுக்குப் பத்தடி முன்னால் நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் தலையை நீட்டினார்.

“சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலையாம்மா? என்ன, வண்டி மக்கரா?”

“வண்டி நல்லாத்தாங்க இருக்கு. முன்னால பிரசவம்.”

“யாருக்கு?”

“வந்து பாருங்க. கதவ மட்டும் அடிச்சுச் சாத்தாதீங்க.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார். வளைவு திரும்பியதும் முணுமுணுப்பு நின்றது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காரின் பின்னால் ஓரமாகக் குந்தி எட்டிப்பார்த்த அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மான் கழுத்தை நீட்டி ஒருமுறை முக்கியது. இன்னொரு முறை. ஈரமாக, பளபளவென்று, ஒரு பொட்டலம்போலக் குட்டி சாலையில் வழுக்கி விழுந்தது. அசைவில்லை. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். தாய் எழுந்து திரும்பி, மூக்கை நக்கி, காதை நக்கி, விடாமல் நக்கியது. குட்டி தும்மியது.

“அப்பாடா” என்றார் லாரிக்காரர், பிள்ளை பெற்றவரைப்போல.

குட்டி எழப் பார்த்தது. பின்னங்கால் நின்றால் முன்னங்கால் மடங்கியது. நாலு தடவை மூக்கு தாரில் இடிக்க விழுந்தது. காருக்குள் தையல்காரர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று உதடு மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவை நாலு காலும் நின்றன. அகலமாக விரிந்து, கிடுகிடுவென ஆடி, ஆனால் நின்றன. இரண்டு பக்கமும் அந்தப் பெரிய ஆறு நிற்காமல் விலகி ஓடியது. ஒரு குளம்புகூட அவற்றின்மேல் படவில்லை.

பிரேக்கக்காவுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. பிறந்து அரைமணிகூட ஆகாத ஒன்று, போகவேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதைத் தாய் மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. இரண்டும் புல்லுக்குள் இறங்கிக் கூட்டத்தோடு கலந்தன. எது எது என்று அப்புறம் தெரியவில்லை.

கடைசி மான் கடக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. லாரிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். “இருபது வருஷமா இந்த ரோட்டுல ஓட்டறேன்மா. என்னத்தப் பாத்துட்டு ஓட்டினேனோ” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

அவள் காரில் ஏறியபோது கணவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் இரு. அது போன பக்கம் இன்னும் ஒருதடவ பாத்துக்கறேன்.”

“இருங்க. மெதுவாப் போலாம்.”

லாரி அவர்களைக் கடந்து போனது. தாரில் குட்டி விழுந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அவ்வளவு பெரிய வண்டி வேகத்தைக் குறைத்து, இரண்டு சக்கரத்தை மண்ணில் இறக்கி, அந்த ஈரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.