ரொவீனாவின் இடுப்புக்கு ஒரு துப்பாக்கி

ரொவீனா துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. டேரல் சிறையிலிருந்து வெளியே வந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அவள் ஒரு கிழவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. மாவட்டச் சிறையின் பதிவு செய்த குரல், வானிலை அறிக்கை வாசிப்பதுபோல, கைதி விடுதலையாகிவிட்டான் என்றது. கிழவரின் பாதி முகத்தில் இன்னும் நுரை இருந்தது. அதையும் மழித்து, துடைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

டேரல் அவளுடைய முன்னாள் புருஷன். விவாகரத்தாகி ஒன்றரை வருஷத்தில் அவள் மூன்று வீடு மாறினாள். மூன்றையும் அந்தப் பாவி மோப்பம் பிடித்துவிட்டான். மூன்றாவது வீட்டின் கதவையும் அவளுடைய இடது மணிக்கட்டையும் உடைத்ததற்கு அவனுக்குக் கிடைத்தது தொண்ணூறு நாள். தொண்ணூறே நாள்! எலும்பு கூடுவதற்கே அவ்வளவு ஆகும். உள்ளேயிருந்து தன் அம்மா மூலம் ஒரு சேதி அனுப்பியிருந்தான்: வெளியே வந்ததும் முதல் வேலை உன்னைத் தீர்த்துக்கட்டுவதுதான். ஷெரிஃப் ஆபீஸில் போய்ச் சொன்னாள். அவன் ஏதாவது செய்தால் உடனே கூப்பிடும்மா என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். செத்தபிறகு எந்தக் கையால் கூப்பிடுவதாம்?

"வெளிய தெரியாம வெச்சுக்கற மாதிரி ஒண்ணு வேணுங்க்கா," என்றாள் ரொவீனா. "இன்னைக்கே வேணும்."

கடைக்காரி வெர்னா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்தில் முப்பது வருஷமாகத் துப்பாக்கி விற்கிறவள். மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதிக் கதை தெரிந்துவிட்டது.

"வேலைக்கும் இதே பேண்ட்டா?"

"இதேதான். நாடா கட்டுறது."

"நாசமாப் போச்சு. இதுல சொருகினா துப்பாக்கி நிக்கும், பேண்ட் நிக்காது."

ஸ்டவ் பக்கத்தில் தினமும் காப்பி குடிக்கவே வருகிற ஹோபர்ட் கிழவர் சிரித்தார். "உமக்கென்ன சிரிப்பு? காப்பியக் குடியும்," என்று வெர்னா ஒரு அதட்டு அதட்டிவிட்டு, இடுப்பில் சுற்றுகிற எலாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

முதலில் எடுத்த துப்பாக்கியில் தோட்டாக்கள் இரட்டை வரிசை. பதினைந்து பிடிக்கும். பட்டைக்குள் செருகிச் சட்டையை இழுத்துவிட்டாள் ரொவீனா.

"நாலு மாசம் முழுகாம இருக்கற மாதிரி இருக்கு," என்றாள் வெர்னா. "கழட்டு."

அடுத்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி. ரொவீனாவுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. தோட்டா ஏற்றுவதுபோல மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், மணிக்கட்டில் சுரீர் என்றது.

"குட்டிக்குத்தான் ஸ்பிரிங் முறைப்பா இருக்கும். சுட்டா கழுதை மாதிரி உதைக்கும். பொம்பளைங்க வந்தாலே மத்த கடையில இதைத்தான் தலையில கட்டுவானுங்க, தடிப்பசங்க." வெர்னா அதை வாங்கி உள்ளே வைத்தாள். "இதைப் பாரு. ஒத்தை வரிசை. தோட்டா ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும், அதான் இவ்வளவு ஒல்லி. பிடியும் கொஞ்சம் நீளம், விரல் மூணும் பதியும்."

"எத்தனை பிடிக்கும்?"

"எட்டு."

"எட்டுதானா?"

"ஒல்லியா வேணும்னா கொறையத்தான் செய்யும். எத்தனை பேரு வர்றாங்க?"

"ஒருத்தன்."

வெர்னா அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. மேல்பாகத்தை இழுக்காமல், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னே தள்ளச் சொன்னாள். ரொவீனா தள்ளினாள். சடக்கென்று வேலை செய்தது. மறுபடியும் தள்ளினாள், மறுபடியும். பட்டைக்குள் வைத்துக் குனிந்தாள், உட்கார்ந்தாள், நோயாளியைத் தூக்குவதுபோல இரண்டு கையையும் முன்னே நீட்டி நிமிர்ந்தாள். கண்ணாடியில் வெறும் சட்டைதான் தெரிந்தது. இடுப்பில் அந்த இரும்பின் குளிர்ச்சி பட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை இறங்கிற்று.

"இதாங்க்கா. இதுவேதான்."

துப்பாக்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு படிவத்தை நீட்டினாள் வெர்னா. பெயர், பிறந்த தேதி, போதைப் பழக்கம் உண்டா, தண்டனை பெற்றதுண்டா. ரொவீனா மளமளவென்று நிரப்பிக்கொண்டே போனாள். ஒரு கேள்வியில் பேனா நின்றது. கணவனையோ மனைவியையோ, முன்னாள் ஆனாலும் சரி, மிரட்டக்கூடாது, தொல்லை செய்யக்கூடாது என்று நீதிமன்ற ஆணை உங்கள்மேல் இருக்கிறதா?

"இது அவன் மேலதானே இருக்கு?" என்றாள். "எம்மேல இருக்கறது சும்மா பேருக்கு. அதையும் எழுதணுமா?"

வெர்னாவின் முகம் மாறியது. "உம்மேலயும் இருக்கா?"

போன மார்ச்சில் நடந்த கதை அது. ரொவீனா பாதுகாப்பு ஆணை கேட்டுப் போனாள். அந்த எமகாதகன், தன்னை இவள்தான் அடிக்கிறாள் என்று பதிலுக்கு ஒரு மனு போட்டுவிட்டான். கோர்ட் வராந்தாவில் அவனுடைய வக்கீல் தேனாகப் பேசினார். ரெண்டு பேரும் ஒருத்தர்மேல ஒருத்தர் ஆணைக்கு ஒத்துக்கிட்டா விசாரணையே வேண்டாம்மா, அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம். கூண்டில் நின்று டேரலின் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்ற நினைப்பில் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். சமாதானமாக முடிந்தது என்று சந்தோஷமாகவும் வீட்டுக்குப் போகிறார்கள்.

"அது இருக்கறவரைக்கும் உனக்கு நான் விக்க முடியாதும்மா," என்றாள் வெர்னா. "மத்திய சட்டம். யாரு அடிச்சா, யாரு அடி வாங்கினான்னு அது பாக்காது."

"இல்லைன்னு எழுதிடறேன்."

"எழுதினா கம்ப்யூட்டர்ல மாட்டும். பொய் சொன்னதுக்கு உன்னைத்தான் உள்ள வைப்பாங்க. நீ வாயத் திறந்தும் சொல்லிட்டியேம்மா."

"அப்ப அவன்கிட்ட எப்படி இருக்கு?" ரொவீனா கத்தியேவிட்டாள். "அவன் துப்பாக்கி அஞ்சும் வேலிக்கு அந்தப் பக்கம் அவன் தம்பி வீட்டுல இருக்கு! ஒப்படைச்சாச்சுன்னு காகிதத்துல எழுதிக் குடுத்திருக்கான். வேலியத் தாண்ட எவ்வளவு நேரமாகும்?"

ஹோபர்ட் தொண்டையைச் செருமினார். "என் வண்டியில ஒண்ணு சும்மாதான் கெடக்கு கண்ணு..."

"வாய மூடும்!" என்றாள் வெர்னா. "இவ சொன்னதெல்லாம் உம்ம காதுலயும் விழுந்துச்சு. நீர் குடுத்தா நீரும் உள்ள, இவளும் உள்ள. இவகிட்ட துப்பாக்கி இருக்குன்னு அவனே போலீஸுக்கு ஒரு போன் போடுவான்."

ரொவீனா கோர்ட் ஆபீஸுக்குப் போன் போட்டாள். நாலு பேர் கைமாறி ஐந்தாவது ஆள் பேசினான். ஆணையை நீக்க மனு கொடுக்கலாம், விசாரணைக்கு இருபத்திமூணு நாள் ஆகும் என்றான். அவசரம் என்றாள். எல்லாருக்கும் அவசரம்தாம்மா என்றான். பெண்கள் காப்பகத்துக்குப் போட்டாள். படுக்கை காலியில்லை, வியாழக்கிழமை கூப்பிடுங்கள் என்றார்கள். அன்றைக்குத் திங்கள்.

வெர்னா துப்பாக்கியைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டினாள். மிளகாய் ஸ்ப்ரே ஒன்றை எடுத்து, காசு வேண்டாம் என்று ரொவீனாவின் பக்கம் தள்ளினாள். பதினைந்தடி தூரத்துக்குப் பாய்ச்சும் என்று அதன்மேல் போட்டிருந்தது. ரொவீனா அதை வாங்கிக்கொண்டாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. ஹோபர்ட் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார், அதில் உட்கார்ந்தாள். சுவர் முழுக்கத் துப்பாக்கி, கல்லாவுக்குப் பின்னால் இடுப்பில் ஒன்றோடு வெர்னா. அந்த மாவட்டத்தில் டேரல் வரத் துணியாத ஒரே இடம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"எத்தனை மணிக்கு மூடுவீங்க்கா?"

"ஆறுக்கு."

"நாளைக்கு எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?"

"ஒன்பதுக்கும்மா," என்றாள் வெர்னா. அதைச் சொல்லும்போது அவளால் ரொவீனாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.