சிவப்பு வயர்

அப்பாவின் சாமான் பையை அவள் மூன்றாம் முறையாகத் தரையில் கவிழ்த்தாள். கட்டர், டேப், நாலு ஸ்க்ரூ டிரைவர். கரண்ட் பார்க்கிற மீட்டரை மட்டும் காணோம்.

"வந்தவங்கெல்லாம் உன்னைத்தான் கேக்கறாங்க. அப்பன் பக்கத்துல வந்து உக்காராம இங்க என்னத்தடி உருட்டிட்டு இருக்க?" என்றாள் அத்தை.

"இதோ வரேன் அத்தை."

உடலைக் கொண்டுவந்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா கூடத்தில் கிடந்தார். காலையில் அச்சகத்துக்கு வயரிங் வேலைக்குப் போனவர், சுவிட்ச் போர்டு முன்னால் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாயிற்று. நாலு மணிக்குச் சுடுகாட்டுக்கு வண்டி. மற்றவர்களுக்கு அழ அந்தச் சீட்டு போதும். அவளுக்குத்தான் நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை.

நேற்று கல்லூரி ஆய்வகத்துக்கு அப்பாவின் மீட்டரைக் கொண்டுபோயிருந்தாள். மூன்று ரெசிஸ்டரை வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வோல்ட், அதன் வழியே எவ்வளவு கரண்ட் என்று மாணவர்களுக்கு அளந்து காட்டுவது அவள் வேலை. மீட்டரில் சிவப்பு வயரைச் செருக இரண்டு துளை. ஒன்று வோல்ட்டுக்கு, மற்றது கரண்ட்டுக்கு. கரண்ட் அளந்த கையோடு, துளை மாற்றாமல் பேட்டரியின் இரு முனையிலும் வைத்துவிடாதீர்கள் என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறவள், நேற்று அதையே செய்தாள். உள்ளே ஃபியூஸ் எரிந்தது. வகுப்பே சிரித்தது. வந்த கடுப்பில் வயரைக்கூட மாற்றாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் பையில் போட்டாள். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

அந்த நிலையில் மீட்டரை ஓடுகிற லைனில் வைத்தாலும் பூஜ்யம்தான் காட்டும். அதை நம்பி ஒருவர் கை வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். டெஸ்டர் விளக்கையெல்லாம் நம்ப மாட்டேன், மீட்டர் சொன்னால்தான் தொடுவேன் என்று முப்பது வருஷமாக வீம்பு பிடித்தவர் அப்பா.

மூன்று மணிக்கு, அச்சகத்தில் அப்பாவோடு இருந்த கூட்டாளி வந்தார். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருப்பதால் அப்பா அவரை டெஸ்டர் என்றே கூப்பிடுவார். கையில் மீட்டர். வயர்களைப் பிடுங்கி அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"சிவப்பு வயர் எந்தத் துளையில இருந்துச்சு மாமா?"

"அந்தப் பதட்டத்துல அதையெல்லாம் யாரும்மா பாத்தா?"

"கடைசியா என்ன பண்ணாரு?"

"மீட்டரை வச்சுப் பாத்தாரு. சரி, லைன் இல்லன்னாரு. போர்டுல கை வச்சாரு. அவ்வளவுதான்." நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா கேக்கற?"

அவள் மீட்டரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பின்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு முறை வழுக்கியது. எரிந்த ஃபியூஸ் அப்படியே இருந்தால் கொன்றவள் அவள். யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் அதுதான் உண்மை.

மூடி கழன்று வந்தது. நேற்று கறுத்துப்போயிருந்த கண்ணாடிக் குழாயைக் காணோம். அதன் இடத்தில் புத்தம் புதிய ஃபியூஸ். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. தப்பான துளையோடு ஓடுகிற லைனில் வைத்திருந்தால் இதுவும் எரிந்திருக்கும்; அப்பா பார்த்த பூஜ்யம் உண்மையான பூஜ்யம்தான்.

கதவைத் திறந்து அம்மா வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மீட்டரைப் பார்த்தாள்.

"அதுவா? நேத்து சாயங்காலமே மாத்திட்டாரே. உன் பொண்ணு ஃபியூஸை எரிச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கான்னு ஒரே சிரிப்பு."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேக்க மாட்டேன், அவளா வந்து சொல்லட்டும்னாரு. காலையில செருப்பைப் போட்டுட்டுக்கூட வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னாரு. நீ ஃபோனைப் பாத்துட்டு இருந்த."

அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி அம்மா பேசி முடிக்கும்வரைகூட நிலைக்கவில்லை.

மீட்டரை மேடைமேல் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் காதருகே குனிந்தாள்.

"ஃபியூஸ் போயிடுச்சுப்பா," என்றாள். "நான்தான்."

அத்தை சற்று நகர்ந்து இடம் விட்டாள்.