எமில்டாவின் நெற்றி

பெட்டிக்குள் குனிந்த மரியநாயகி பாதியிலேயே நிமிர்ந்தார். எமில்டாவின் முகத்துக்கு மேலே காற்றில் ஒரு சிலுவை போட்டுவிட்டு நகர்ந்தார். பின்னால் நின்ற சனத்துக்கு அது போதும். எல்லோரும் அதையே செய்யத் தொடங்கினார்கள்.

பெட்டி மூடுமுன் நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சி அனுப்புவதுதான் அவர்கள் வழக்கம். லண்டனில் இதே குரோய்டன் கோவிலில் பேச்சுவார்த்தை இல்லாதவர்களைக்கூடக் கஸ்பர் கொஞ்சி அனுப்பியிருக்கிறார். தன் மனைவிக்கு மட்டும் அது இல்லையா? அக்கா மரியநாயகியை மறித்தார்.

"என்னக்கா, கொஞ்சேல்லையே?"

"கோவிக்காதை தம்பி," என்றார் மரியநாயகி மெல்ல. "அவளின்ரை கையைப் பார், மஞ்சளாக் கிடக்கு. ஆபிரிக்காவிலை மஞ்சள் காய்ச்சல்காரரோடை நிண்டவள். சனம் பயப்பிடுது."

"ஈரல் கான்சர் அக்கா அது!"

"ஆருக்குத் தெரியும்? காய்ச்சல் உள்ளுக்கை கிடந்திருக்கும்."

லுவாண்டா துறைமுகத்தில் அந்தக் காய்ச்சல் பரவிய வருடம், தாதியான எமில்டா லீவு போட்டுவிட்டு அங்கே நோயாளிகளைப் பார்க்கப் போனாள். 'விசரே உவளுக்கு?' என்று கேட்டதும் இதே சனம்தான். கஸ்பரோ ஷிப்டில் கண்டவன் நின்றவனுக்கெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

நாலு பேர் முன் வாய் திறந்து பழகாத மனுஷன், இப்போது பெட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அந்தக் காய்ச்சல் நுளம்பு கடிச்சு வாறது. தொட்டா வராது. சொந்தச் சனமே கிட்டப் போகப் பயந்த ஆக்களை இவள் தூக்கி இருத்தித் தண்ணி பருக்கினவள். ஒரு நோய் வருத்தமுமில்லாமல் திரும்பி வந்தவள். என்ரை மனுசியை நினைச்சா எனக்கு நெஞ்சு நிமிருது. பயமெண்டால் இருங்கோ, ஒருத்தரும் கொஞ்ச வேண்டாம்."

குனிந்து, அவசரமில்லாமல் கொஞ்சினார்.

பிறகு முன்வாங்கிலிருந்து மரியநாயகி எழும்பி வந்தார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. எமில்டாவின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் அழுத்திக் கொஞ்சினார். அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது. பெட்டி மூட வந்தவர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார், கஸ்பர் கண்டுகொள்ளவில்லை.

கடைசி ஆளும் விலகியபோது பூசியிருந்த பவுடர் அழிந்து, எமில்டாவின் நெற்றி மஞ்சளாய்த் தெரிந்தது. மூட வந்தவர் சட்டைப் பையிலிருந்து பவுடர் தூரிகையை எடுத்தார்.

கஸ்பர் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.