கழிமுகச் சேற்றில் ஒரு காலை

அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வாரத்தில் ஐந்து நாள் ஜன்னலில்லாத அறையில் ஊரார் எலும்பைப் பார்ப்பவளுக்கு, ஆறாம் நாள் வெளிச்சத்தில் எதையாவது படம் பிடித்தால்தான் உயிர் வரும். ஒரு வருடமாக அந்தக் கிறுக்கு உள்ளான்கள் மேல் திரும்பியிருந்தது. கழிமுகத்தில் கடல் வற்றும்போது சேற்றைக் குத்திக் குத்தித் தின்றுவிட்டு, வயிறு நிறைந்ததும் அங்கேயே நின்று இறகு கோதும் நீள மூக்குப் பறவைகள். மூக்கை வாலடிக்குக் கொண்டுபோய், அங்கே சுரக்கும் எண்ணெயைத் தொட்டு, ஒவ்வோர் இறகாக உருவிவிடும். அந்த உருவலைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும் அவளுக்கு.

அன்று காலை நாத்தனார்தான் கூட்டிவந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள், வாய்த் துடுக்கு. பறவை குளித்துச் சிங்காரித்துக்கொள்வதை ஒளிந்திருந்து படம் எடுப்பது குடும்பப் பெண்ணுக்கு அழகா என்று வழியெல்லாம் கேட்டுவிட்டு, கரையில் வேனை நிறுத்தி சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டாள். தண்ணீர் என்றாலே அவளுக்கு ஆகாது. நீச்சல் தெரியாது. முழங்கால் நனைந்தாலே முகம் வெளுத்துவிடும்.

பத்தரைக்குக் கடல் ஏறத் தொடங்கும். பத்து மணிக்கே கரைக்குத் திரும்பிவிட இவள் நினைத்திருந்தாள். ஆனால் பத்து மணிக்குத்தான் ஒரு பறவை கழுத்தை முறுக்கி, இறக்கையை விசிறியாக விரித்தது. இன்னும் நாலடி, இன்னும் இரண்டடி என்று நகர்ந்தாள். வலது கால் முழங்கால்வரை இறங்கியது. அதை இழுக்க இடது காலை ஊன்றினாள். அது தொடைவரை போனது.

முதலில் அவள் கத்தவில்லை. கத்தினால் பறவை பறந்துவிடுமே என்று நினைத்தாள். பிற்பாடு இதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உருவ உருவ, சேறு இடுப்புக்கு வந்தது. ஃபோன் பின்பாக்கெட்டில், சேற்றுக்கு அடியில். திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் புகுந்துகொண்டிருந்தது. காற்று கரைப்பக்கமிருந்து வீசியதால், கூப்பிட்ட குரலெல்லாம் கடலுக்குத்தான் போனது. வேன் கதவு திறக்கவில்லை. இங்கேயே, இந்த வெயிலில், இத்தனை பக்கத்தில் ஒரு மனுஷி தூங்கும்போதே செத்துப்போவோம் என்று தோன்றியதும் தொண்டை கிழிய அலறினாள்.

மொத்தக் கூட்டமும் எழுந்து, கீச்சிட்டபடி வேனுக்கு மேலே பறந்தது. அந்த இரைச்சலில்தான் நாத்தனார் கண் விழித்தாள்.

வந்தவள் கையில் வேன் தரையிலிருந்து பிய்த்த இரண்டு ரப்பர் விரிப்புகள். பள்ளத்தில் முழங்கால் தண்ணீரைத் தாண்டினாள். சேறு இளகிய இடத்தில் ஒன்றை விரித்துக் குப்புறப் படுத்து, மற்றதை முன்னால் தள்ளி, பல்லி மாதிரி ஊர்ந்து வந்தாள்.

"அண்ணி, மிதிக்காதீங்க. சக்கரம் சேத்துல மாட்டினா ஆக்சிலேட்டர மிதிக்கவே கூடாது. குழிதான் ஆழமாகும்."

"தண்ணி வருதுடி."

"வரட்டும். தண்ணி வந்தா சேறு இளகும். கட்டில்ல படுக்கிற மாதிரி பின்னால சாயுங்க."

சாய்வதுதான் முடியவில்லை. நிமிர்ந்து நின்றால் இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு விடலாம் என்று உடம்பு அடம்பிடித்தது. நாத்தனார் கேமராவை அவள் கழுத்திலிருந்து கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, விரிப்பை அவள் முதுகுக்குக் கீழே திணித்து, தோளைப் பிடித்து அழுத்தினாள். காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஏறியது. ஆகாயம் மட்டும் தெரிந்தது. காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொன்னாள் நாத்தனார். வலது கால் பூட்ஸோடு வந்தது. இடது கால் பூட்ஸை விட்டுவிட்டு வந்தது.

பள்ளத்துக்குத் திரும்பியபோது தண்ணீர் மார்புவரை ஏறியிருந்தது. அங்கே நாத்தனார் நின்றுவிட்டாள். இந்த முறை இவள்தான் அவள் கையை இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கச் சொல்லி, இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வேனில் ஏறிய பிறகு சாவியை ஓட்டையில் நுழைக்க நாத்தனாருக்கு நாலு முறை ஆனது. பூட்ஸ் ஒன்று தொலைந்தது என்று மட்டும் வீட்டில் சொன்னார்கள்.

தண்ணீர் புகுந்த கேமரா செத்துவிட்டது, கார்டு பிழைத்தது. மூன்று நாள் கழித்துப் போட்டுப் பார்த்தாள். விரித்த இறக்கைக்குப் பிறகு எடுத்ததாக நினைவே இல்லாத படங்கள். பயத்தில் விரல் தானாக அழுத்தியிருக்கிறது. சேறு, மறுபடி சேறு, சாய்ந்த வானம். ஒன்றில் மட்டும் ஒரு முகம் கிட்டத்தில், துல்லியமாக விழுந்திருந்தது. ஊர்ந்து வரும் நாத்தனார், வாய் கோணி, குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தாள். இந்த முகத்தோடுதான் மிதிக்காதீங்க என்று அத்தனை நிதானமாகச் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் படத்தை அவள் நாத்தனாரிடம் காட்டவில்லை. குளியலறைத் தரை ஈரமாக இருந்தால், கால் உள்ளே இறங்கிவிடுமோ என்று இன்றும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.